பத்து மார்க் பெசல்

"கணக்கு முதல்ல கைக்கு வரட்டுங்க, பிசிக்ஸ் தானா பின்னால வரும்." எம்.எஸ்சி. முதல் செமஸ்டரில் மேத்தமேட்டிக்கல் பிசிக்ஸ் தாளைத் தனியாக வைத்து நடத்துவதற்குப் பேராசிரியர்கள் சொல்லும் நியாயம் இது. ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் பஸ் ஏறிப் போய்ப் படிக்கும் பிள்ளைகளும் அதை அப்படியே நம்புகிறார்கள்.

தாளே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேட்ரிக்ஸும் ஃபூரியரும் தெரியாமல் குவாண்டம் மெக்கானிக்ஸ் வகுப்பில் உட்கார முடியாது. தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு எல்லாக் கருவியும் ஒரே இடத்தில் கிடைப்பதும் நல்லதுதான்.

ஆனால் அந்தத் தாளில் பெசல் சார்பு படும் பாட்டைப் பாருங்கள். தொடர்த் தீர்வு பத்து மார்க், ஜெனரேட்டிங் ஃபங்ஷன் பத்து மார்க், ரெக்கரன்ஸ் ரிலேஷன் பத்து மார்க். எது எந்த வருடம் வந்தது என்று கைடில் பென்சில் குறி இருக்கும். மாணவர் பிசகில்லாமல் எழுதிவிடுவார். இது எதற்கு என்று கேட்டால் முரசுத் தோல் அதிர்வு என்பார், அதற்கு மேல் பேச்சு நகராது.

அதே மாணவர் லேபில் மீயொலிச் சோதனை செய்கிறார். கண்ணாடித் தொட்டியில் மண்ணெண்ணெய், அதில் குவார்ட்ஸ் படிகம், குறுக்கே சோடியம் விளக்கின் ஒளி. டெலஸ்கோப்பில் நடுவே ஒரு கோடு, இருபுறமும் துணைக் கோடுகள். கோணத்தை அளந்து ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டு ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியதும் வேலை முடிந்தது. ஆசிலேட்டரின் வலுவைக் கூட்டினால் நடுக்கோடு மங்கிப் பக்கக் கோடுகள் பளிச்சிடுமே, அது ஏன்?

1935இல் பெங்களூரிலிருந்து சி.வி. ராமனும் நாகேந்திர நாத்தும் அதற்கு விடை சொன்னார்கள். ஒலி போகும் திரவத்தில் ஒளிவிலகல் எண் இடத்துக்கு இடம் ஏறி இறங்குகிறது. அதைக் கடக்கும் ஒளியின் கட்டமும் சைன் வடிவில் நெளிகிறது. அந்த நெளிவைத் தொடராக விரித்தால் வருவது, மாணவர் பத்து மார்க்குக்கு எழுதிய அதே ஜெனரேட்டிங் ஃபங்ஷன். ஒவ்வொரு கோட்டின் பிரகாசமும் அந்தந்த வரிசை பெசல் சார்பின் வர்க்கம். ஒலியின் வலுவோடு கூடும் கட்ட நெளிவின் வீச்சு 2.405ஐத் தொட்டால் நடுக்கோடு அணைந்துவிடும். பூஜ்ய வரிசை பெசல் சார்பு முதன்முதலாகச் சுழியாகும் இடம் அது.

வேடிக்கை இன்னொன்றும் உண்டு. எல்லா வரிசை வர்க்கங்களையும் கூட்டினால் ஒன்று வரும் என்று நிறுவச் சொல்வது கைடுகளின் நிரந்தரக் கேள்வி. நடுவில் குறைந்த ஒளி பக்கங்களுக்குப் போயிருக்கிறது, மொத்தம் மாறவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. அந்த ஒரு வரியை எழுதினால் மார்க் கிடையாது.

சிலபஸ் முடிக்கவே நேரமில்லை என்பார்கள். முதலில் லேப், பிறகு கரும்பலகை என்று வரிசையை மாற்றக் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட வேண்டாம். பெசலே அந்த வரிசையில்தான் வந்தார். அவர் ஒரு வானியலாளர். கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடப் போய்த்தான் இந்தச் சார்புகளை முறையாக ஆராய்ந்தார். லெஜாண்டர் தம் பல்லுறுப்புக்கோவைகளுக்கு வந்தது ஈர்ப்புக் கணக்கிலிருந்து. இயற்பியல் பின்னால் வரட்டும் என்று இருவரும் காத்திருக்கவில்லை. நம் வகுப்புகளில் அது பின்னாலும் வருவதில்லை. தேர்வு முடிந்த வாரமே கணக்கும் போய்விடுகிறது. பரிமாணம் பார், எல்லையில் வைத்துப் பார் என்று ஆப்ஷனை அடிக்கச் சொல்லித் தரும் நெட் தேர்வுக் கோச்சிங்காரர் இந்த விஷயத்தில் மேல். அவரைப் பாராட்ட வேண்டிவரும் என்று நான் நினைத்ததில்லை.

கேள்வித்தாள் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறுவச் சொல்லும் பத்து மார்க்கில் ஒன்றை எடுத்துவிட்டு இதைக் கேளுங்கள்: ஆனைமலைத் தென்னந்தோப்பு மண்ணில் ஒரு நாளின் வெப்ப ஏற்ற இறக்கம் ஒரு சாண் ஆழம் இறங்கினால், ஓர் ஆண்டின் ஏற்ற இறக்கம் எத்தனை சாண் இறங்கும்? வெப்பச் சமன்பாடு தெரிந்தவருக்கு 365இன் வர்க்கமூலம் போதும். விடை ஏறத்தாழ 19.