சரிவில் ஒரு பந்து

ஸ்டெம் செல் பற்றி எந்த உரையைக் கேட்டாலும் ஒரு படம் வந்துவிடும். மலைச்சரிவு, உச்சியில் ஒரு பந்து, கீழே கிளை பிரிந்து போகும் பள்ளங்கள். பந்து எந்தப் பள்ளத்தில் உருள்கிறதோ, செல் அதுவாக ஆகிறது: நரம்பு, தசை, தோல். கான்ராட் வாடிங்டன் 1957ல் ‘தி ஸ்ட்ராட்டஜி ஆஃப் தி ஜீன்ஸ்’ நூலில் போட்ட படம்.

பார்த்தவுடனே புரிந்துவிடுகிறது. எனக்கு உறுத்துவதும் அதுதான். சரிவு என்று ஒன்றை வரைந்துவிட்டால், ஏன் கீழே போகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். பந்துன்னா உருளத்தானே செய்யும்? (1940ல் இதே கருத்துக்கு ஜான் பைப்பர் வரைந்து கொடுத்தது ஓர் ஆறு. அதுவும் கீழ்நோக்கித்தான்.)

ஆனால் 1962லேயே ஜான் கர்டன், தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்துத் தவளை முட்டைக்குள் வைத்து, புதிய தலைப்பிரட்டைகளை வளர்த்துக் காட்டிவிட்டார். குடலான செல் எதையும் தொலைத்திருக்கவில்லை. 2006ல் தகஹாஷியும் யமனாக்காவும் எலியின் தோல் செல்லுக்குள் நான்கே நான்கு மரபணுக்களைச் செலுத்தினார்கள். அது எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய பழைய நிலைக்குத் திரும்பியது. 2012ல் கர்டனுக்கும் யமனாக்காவுக்கும் நோபல். படத்துக்கு என்ன நடந்தது? பந்து மேலே ஏறுவதுபோல ஓர் அம்புக்குறி போட்டார்கள். அவ்வளவுதான். மலை அப்படியே இருக்கிறது.

வாடிங்டனைக் குறை சொல்ல முடியாது. அதே நூலில் சில பக்கங்கள் தள்ளி இரண்டாவது படம் ஒன்று உண்டு. அதே மலை, அடியிலிருந்து பார்த்தது. தரையில் முளைகள், அவற்றிலிருந்து மேலே போகும் கயிறுகள். முளைகள்தான் மரபணுக்கள். மலை என்று நாம் நினைத்தது பாறையே இல்லை, கூடாரத்துணி மாதிரி இழுத்துக் கட்டிய பரப்பு. யமனாக்கா செய்தது இந்தப் படத்தில்தான் பொருந்துகிறது. அவர் பந்தைத் தள்ளவில்லை, கயிறுகளை மாற்றி இழுத்தார், பள்ளமே மேடாகிவிட்டது. அந்த நான்கில் ஒன்றான சி-மிக், புற்றுநோயோடு தொடர்புடையது. இப்படி மீட்ட செல்களிலிருந்து பிறந்த எலிகளில் சிலவற்றுக்குக் கட்டிகள் வந்தன. ஒரு கயிற்றைத் தொட்டால் இன்னொரு இடம் ஆடும். முதல் படத்தில் இதற்கு இடமே கிடையாது. இருந்தும் எல்லோரும் எடுத்துப் போடுவது அதைத்தான்.

தமிழில் ‘குருத்தணு’ என்று வைத்திருக்கிறோம். அழகான சொல், மலையும் இல்லை, பந்தும் இல்லை என்று கொஞ்ச நாள் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் விரிந்த ஓலை மறுபடி குருத்தாகுமா என்ன?