கடிகாரம் காதாகுமா? இங்கிலாந்தின் மதுவிடுதி நேரச் சட்டம் பற்றி ஓர் இயற்பியல் மதிப்பீடு

பக்கத்துத் தெருவில் கலியாணம். ஒலிபெருக்கியில் பாட்டு முழங்குகிறது. நீங்கள் சன்னலையும் கதவையும் சாத்திவிட்டுப் பாடப் புத்தகத்துடன் உட்காருகிறீர்கள். பாடகரின் குரல் அடங்கிவிடுகிறது. எந்தப் பாட்டு என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் 'தும், தும்' என்ற அடி மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருக்கிறது. இந்த அனுபவம் இல்லாதவர் நம்மில் மிகச் சிலரே.

இதே அடியைப் பற்றித்தான் இங்கிலாந்தில் மதுவிடுதிக்காரர்களுக்கும் அண்டை வீட்டார்க்கும் நெடுங்காலமாகப் பிணக்கு நடந்து வருகிறது. 'பப்' என்று அங்கே வழங்கும் விடுதி, மது அருந்தும் இடம் மட்டுமன்று. ஊரார் கூடிப் பேசும் இடமும், பாட்டுக் கேட்கும் இடமும் அதுவே. பெரும்பாலும் அது வீடுகளுக்கு நடுவிலேயே இருக்கும். ஒருபக்கம் ஒரு குடும்பத்தின் பிழைப்பு. மறுபக்கம் இன்னொரு குடும்பத்தின் தூக்கம். இரண்டுக்கும் நடுவே அந்நாட்டார் வைத்த நடுவர் கடிகாரம். எத்தனை மணிக்கு மூடுவது என்பதே அவர்களது முதற் கேள்வி. ஓசைத் தொல்லைக்கு அது சரியான கேள்விதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். குடி நல்லதா, கெட்டதா என்ற விவாதத்துக்குள் நாம் இங்கே நுழையவில்லை.

கடிகாரம் வந்த கதை

விடுதி நேரம் இறுக்கமானதற்குக் காரணம் ஓசை அன்று, போர். முதல் உலகப் போரின்போது, 1915இல், வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர் குடியால் வேலை கெடலாகாது என்று அரசு ஒரு கட்டுப்பாட்டுக் குழுவை அமைத்தது. அக்குழுவின் ஆணை நடந்த பகுதிகளில் நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரமே மது விற்கலாம் என்றாயிற்று. போர் முடிந்தும் கட்டுப்பாடு முற்றும் நீங்கவில்லை. பிற்பகல் இடைவேளை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வாரநாட்களில் நீங்கியது. இரவு 11 மணிக்கு மூடும் வழக்கமோ 2005 வரை நீடித்தது.

2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் 2005 நவம்பர் 24 அன்று இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறைக்கு வந்தது. எல்லா விடுதிக்கும் ஒரே நேரம் என்பதை அது விலக்கியது. ஒவ்வொரு விடுதியும் தனக்கு வேண்டிய நேரத்தை உள்ளாட்சி மன்றத்திடம் கேட்கலாம். அண்டை வீட்டார் மறுப்புத் தெரிவிக்கலாம். சட்டம் கூறும் நான்கு நோக்கங்களுள் 'பொதுத் தொல்லையைத் தடுத்தல்' ஒன்று. இது ஒரு நல்ல முன்னேற்றமே. ஆனாலும் பேரம் நடப்பது பெரும்பாலும் மணியைப் பற்றியே. ஒருவர் ஒரு மணி என்பார், மற்றவர் பதினொன்று என்பார், பன்னிரண்டில் முடியும். அந்தப் பன்னிரண்டு மணி ஒலியைப் பற்றி என்ன சொல்கிறது? ஒன்றுமே சொல்வதில்லை.

அடியை விடும் சுவர்

விடுதியிலிருந்து வரும் ஓசை ஒரே வகையன்று. சுவர் வழியே வரும் இசை ஒன்று. கதவு வழியே கசிவது ஒன்று. தெருவில் மனிதர் எழுப்பும் குரல் மற்றொன்று. மூன்றுக்கும் இயற்பியல் வேறு, மருந்தும் வேறு.

முதலில் சுவர். ஒரு சுவரின் நிறையை இரட்டித்தால் அது ஒலியைத் தடுக்கும் அளவு சுமார் 6 டெசிபல் கூடும். ஒலியின் அதிர்வெண் இரட்டித்தாலும் ஏறத்தாழ அதே 6 டெசிபல் கூடும். இதற்கு நிறை விதி என்று பெயர். பாடகர் குரலின் மேற்பகுதி 1000 ஹெர்ட்ஸ் என்றும், பேஸ் கிடாரின் அடி 63 ஹெர்ட்ஸ் என்றும் கொள்வோம். 63இலிருந்து 1000க்குப் போக நான்கு முறை இரட்டிக்க வேண்டும். ஆகவே அதே சுவர் குரலைத் தடுப்பதைவிட அடியைச் சுமார் 24 டெசிபல் குறைவாகத் தடுக்கிறது. அடியையும் அதே அளவுக்குத் தடுக்க வேண்டுமானால் சுவர் பதினாறு மடங்கு கனமாக வேண்டும்! ஒன்பது அங்குலச் சுவரைப் பன்னிரண்டு அடிச் சுவராக்க எந்த விடுதிக்காரராலும் முடியாது. ஆனால் ஒலிபெருக்கும் கருவியில் தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் 10 டெசிபல் குறைக்க ஒரு குமிழைத் திருப்பினால் போதும். இந்த ஒரு குமிழ், மூடும் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவதைவிட அதிகம் உதவும்.

அடுத்தது கதவு. சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு கனமானாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஏனெனில் ஒலி ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கு அத்திறப்பின் வழியே போய்விடுகிறது. 2007 சூலை முதல் நாள் இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களுக்குள் புகைபிடிப்பது தடை செய்யப்பட்டது. உடல்நலத்துக்கு மிக நல்ல சட்டம். ஆயினும் புகைப்பவர் வெளியே வந்தார். கதவு அடிக்கடி திறந்தது. பேச்சும் தெருவுக்கு வந்தது. மூடும் நேரம் மாறவில்லை. தொல்லை மட்டும் இடம் மாறியது. ஒன்று மூடிய பின்பே மற்றது திறக்கும் இரட்டைக் கதவுதான் இதற்கு மருந்து. கடிகாரத்தில் இதற்கு மருந்தில்லை.

கருவி காட்டும் எண்

'சரி, மணியை விடுவோம். ஒலியை அளந்தே தீர்ப்புச் சொல்லலாமே' என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் அங்கே சட்டம் உண்டு. 1996ஆம் ஆண்டின் ஓசைச் சட்டம், இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை, புகார் செய்தவரின் வீட்டுக்குள்ளேயே அளக்கச் சொல்கிறது. பின்னணி ஒலி 24 டெசிபலுக்கு மேற்படாத வீட்டில் 34 டெசிபல் வரை பொறுக்கலாம் என்பது 2008 முதல் உள்ள வரம்பு.

இங்கே டெசிபல் என்பது 'ஏ' அளவுகோலில் எடுத்த டெசிபல். நம் காது தாழ்ந்த அதிர்வெண்களை மந்தமாகக் கேட்கிறது என்று 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் அளந்து காட்டினர். அதையொட்டிக் கருவியும் தாழ்ந்த ஒலிகளைக் கழித்துக் காட்டுமாறு அமைக்கப்பட்டது. 1000 ஹெர்ட்சில் கழிவு இல்லை. 63 ஹெர்ட்சில் கழிவு 26 டெசிபல்.

மாதிரிக்கு ஒரு கணக்குப் போடுவோம். படுக்கையறையில் 63 ஹெர்ட்ஸ் அடி 58 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி 26ஐக் கழித்து 32 என்று காட்டும். வரம்பு 34, விடுதிக்காரர் தப்பினார். ஆனால் 63 ஹெர்ட்சில் காதுக்குக் கேட்கத் தொடங்கும் எல்லை சுமார் 38 டெசிபல். அந்த அடி அதற்கு மேல் 20 டெசிபல் உயர்ந்து நிற்கிறது. அமைதியான அறையில் படுத்திருப்பவருக்கு ஒவ்வோர் அடியும் தெளிவாகக் கேட்கும்.

கருவி தவறு செய்யவில்லை. அது தனக்குச் சொன்னதைச் செய்கிறது. சீரான இரைச்சலின் உரப்பை மதிப்பிட அமைந்த எண்ணைக்கொண்டு, விட்டுவிட்டு வரும் தாளத்தின் தொல்லையை எடைபோட்டதே தவறு. அதிர்வெண் வாரியாகப் பிரித்து அளக்கும் கருவிகள் இன்று அரிதல்ல. 63 ஹெர்ட்சுக்கும் 125 ஹெர்ட்சுக்கும் தனி வரம்பு வைத்தால் இந்தக் குறை பெரிதும் தீரும்.

நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எண் எதுவும் இல்லாமலே, அலுவலர் நேரில் கேட்டு இது தொல்லைதான் என்று முடிவு செய்யலாம். இவ்வழக்கில் கருவியைவிட மனிதக் காதே நல்ல கருவியாக இருப்பதை இச்சட்டம் ஒப்புக்கொள்வதாகவே எனக்குத் தோன்றுகிறது.

நூறு பேர் ஒன்றாகவா, இருபது இருபதாகவா?

2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குச் சொன்ன நியாயங்களில் ஒன்று இது: பதினொரு மணிக்கு எல்லா விடுதிகளும் ஒருங்கே மூடினால் தெருவில் கூட்டம் ஒருங்கே கொட்டும், நேரம் வேறுபட்டால் கூட்டம் சிதறும். இதையும் கணக்கில் பார்ப்போம்.

நூறு பேர் ஒன்றாகப் பேசிக்கொண்டு போவதற்குப் பதில் இருபது பேராக ஐந்து தடவை போகிறார்கள். ஒரு தடவையின் ஒலி ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 7 டெசிபல் குறைவு. மேலும் கூட்டம் பெருத்தால் ஒவ்வொருவரும் குரலை உயர்த்துவது இயல்பு. 1911இல் இதை எடுத்துக்காட்டிய பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்டின் பெயரால் இது லொம்பார்டு விளைவு எனப்படுகிறது. சிறு கூட்டத்தில் அதுவும் குறையும். ஆகவே உச்ச ஒலி தணிகிறது. சட்டத்தின் நியாயம் அவ்வளவில் சரியே.

ஆனால் தூங்குபவர் ஒரு முறைக்குப் பதில் ஐந்து முறை விழிக்கக்கூடும். குரல் உயர்வதைத் தவிர்த்துப் பார்த்தால், இரவு முழுவதற்குமான சராசரி இரண்டிலும் ஒன்றே. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி, படுக்கையறைக்குச் சராசரி 30 டெசிபல் என்றும், தனித்தனி ஒலிகளின் உச்சம் 45 டெசிபல் என்றும் இரண்டு எண்களைத் தந்தது இதனால்தான். எத்தனை முறை என்பது மூன்றாவது கேள்வி. மூடும் நேரம் இம்மூன்றில் எதற்கும் விடையன்று.

நேரத்தையே நம்பினால் விளையும் விந்தைக்கு இன்னோர் உதாரணம் பாருங்கள். 2012ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டமும் 2015இல் வந்த விரிவும் சேர்ந்து, காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்கு மேற்படாத கூட்டத்துக்கு, உரிமம் பெற்ற விடுதியில் இசை நடத்தத் தனி அனுமதி வேண்டாம் என்றன. சிறு கலைஞர்களுக்கு இது பெரும் உதவி. ஆனால் 10.59க்குத் தொல்லையாகக் கருதப்படாத அதே அடி, 11.01க்குத் தொல்லையாகி விடுகிறது. சுவருக்கு இந்த இரண்டு நிமிட வேறுபாடு தெரியாது.

யார் முதலில் வந்தவர்?

'விடுதி நூறாண்டாக இருக்கிறது. வீடு நேற்று வந்தது' என்பது அங்கே அடிக்கடி எழும் வாதம். 1879இல் ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் என்னும் வழக்கில், மிட்டாய் செய்பவரின் உரல் ஓசை பற்றி, அவ்விடத்தின் அருகே பின்னர் அறை கட்டிய மருத்துவர் வழக்காடி வென்றார். தொல்லை இருக்குமிடத்துக்குத் தேடி வந்தார் என்பது எதிர்வாதமாகாது என்ற கொள்கையை 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் 2018இல் இங்கிலாந்தின் கட்டடத் திட்டக் கொள்கை, புதிதாக வீடு கட்டுபவரே ஓசைத் தடுப்புக்கும் ஏற்பாடு செய்யவேண்டும் என்று கூறியது. இது இயற்பியலோடும் பொருந்துகிறது. இரட்டைச் சன்னலும் தனித்து நிற்கும் உட்சுவரும் கட்டும்போதே வைத்தால் எளிது. பின்னால் ஒட்டுவது கடினம்.

கடிகாரத்தின் நியாயம்

அப்படியானால் மூடும் நேரமே வேண்டாமா? வேண்டும். கடிகாரத்தை எவரும் படிக்கலாம். கருவியும் நிபுணரும் தேவையில்லை. தூக்கத்துக்கும் ஒரு நேரம் உண்டு. தெருவில் செல்லும் மனிதக் குரலுக்குக் குமிழும் இல்லை, இரட்டைக் கதவும் இல்லை. அங்கே நேரம்தான் ஒரே வழி. என் குறை கடிகாரத்தின் மேலன்று. அதை மட்டும் நம்புவதன் மேல்தான். இசைக்கு அதிர்வெண் வாரியான வரம்பு, கதவுக்கு அமைப்பு விதி, மனிதர் கூட்டத்துக்கு நேரம் என மூன்றையும் பிரித்து உரிமத்தில் எழுதினால், ஓசையின்றி நடக்கும் விடுதி பின்னிரவு வரை பிழைக்கலாம். அண்டை வீட்டார் தூங்கலாம். இன்று இருவரும் ஒரே கயிற்றை இழுக்கின்றனர்.

இது நமக்கும் அயலான செய்தியன்று. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்றே வரம்பு வைத்துள்ளன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. அளவுகோல் அதே 'ஏ' அளவுகோல்தான். கட்டுரையின் தொடக்கத்தில் நீங்கள் கேட்ட 'தும், தும்' அதிலும் 26 டெசிபல் கழிந்தே பதிவாகும்.

அடுத்த முறை அந்த அடி கேட்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். கதவைச் சாத்தி, எந்த எந்த ஒலி மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கதவை ஓர் அங்குலம் மட்டும் திறந்து, எது திரும்பி வருகிறது என்று கேளுங்கள். சுவர் எதைத் தடுக்கிறது, இடுக்கு எதை விடுகிறது என்பது உங்களுக்கே விளங்கும். மணியைப் பற்றி வாதாடும் முன் எல்லோரும் செய்து பார்க்கவேண்டிய சோதனை இது.