கலாய்த்தலும் சரக்கும்: இளையோர் வழக்குச் சொற்களைப் பொருள்கொள்வதில் நேரும் குழப்பம்

இளையோர் வழக்குச் சொற்களைத் தொகுக்கும் ஆய்வேடுகள் பல அவற்றைக் 'கொச்சை' என்றோ 'குழூஉக்குறி' என்றோ ஒரே தலைப்பில் அடக்கிவிடுகின்றன. பின்னது நன்னூல் கூறும் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்று. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர் காட்டும் சான்றுகள். குழுவுக்குப் புறத்தே உள்ளவர்க்கு விளங்காதிருப்பதே இச்சொற்களின் பயன். திரைப்படமும் தொலைக்காட்சியும் வீடுதோறும் கொண்டுசேர்த்த 'கலாய்', 'மொக்கை' போன்றவற்றுக்கு அத்தகைய மறைப்பு நோக்கம் இல்லை. அவற்றையும் குழூஉக்குறி என்பது இலக்கணக் கலைச்சொல்லின் எல்லையை அழிப்பதாகும்.

உண்மையில், முற்றிலும் புதிய சொல்லைவிடப் புதுப்பொருள் ஏறிய பழஞ்சொல்லே மிகுதியாகக் குழப்புகிறது. 'பேஜார்' என்பதை அறியாதவர், தமக்கு அது தெரியாது என்பதையேனும் உணர்வார். 'கலாய்' அவ்வாறன்று. சினத்தல், சண்டையிடுதல் என்பன அதன் பழைய பொருள்கள். இன்றோ அது கேலி செய்தல், பெரும்பாலும் நட்பின் உரிமையோடு. இன்றைய பொருளை மட்டும் அறிந்த மாணவர், பழைய உரைகளில் வரும் பூசலை விளையாட்டாகப் படித்துவிடக்கூடும். இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. வடிவ ஒற்றுமையைக் கண்டவுடன் இன்றைய சொல் பழஞ்சொல்லின் நேர்த் தொடர்ச்சி என முடிவுகட்டுதல் அது. இடைப்பட்ட காலத்து எழுத்துச் சான்றோ வட்டார வழக்குச் சான்றோ காட்டப்படாதவரை அது ஊகமே. 'மொக்கை'யில் இத்தொல்லை குறைவு: மழுங்கிய கத்தியும் மொக்கை, கூரற்ற நகைச்சுவையும் மொக்கை, பொருள் பெயர்ந்த வழி வெளிப்படையாகவே தெரிகிறது.

'சரக்கு' இன்னும் சிக்கலானது. வணிகப்பொருள், சித்த மருத்துவத்தின் மருந்துப்பொருள், ஒருவரிடம் உள்ள அறிவும் திறமும், மது என நான்கு பொருளும் இன்று ஒருங்கே வழங்குகின்றன. மருத்துவச் சுவடி ஒன்றின் 'சரக்கு சுத்தி'யைப் பாடமாக நடத்தும்போது வகுப்பில் சிரிப்பு எழுந்தால் வியப்பதற்கில்லை. ஆசிரியர் அதைக் கடிந்து அடக்கிவிடுவதுதான் இழப்பு. பொருள்மாற்றத்தைக் கற்பிக்க அதனினும் ஏற்ற தருணம் வாய்ப்பது அரிது.

1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு பொருள் தந்து, பேச்சு வழக்கைத் தனியே சுட்டியது. அதன் பின்னும் ஆய்வேட்டுப் பின்னிணைப்புகள் 'கலாய் - கேலி செய்' என்ற ஒற்றைவரிப் பட்டியலாகவே தொடர்கின்றன. யார், யாரிடம், எச்சூழலில் சொன்னது என்ற குறிப்பு அவற்றில் இல்லை. நண்பன் நண்பனைக் கலாய்ப்பது அன்பு. மேலதிகாரி ஊழியரைப் பலர் முன் கலாய்ப்பது அவமதிப்பு. 'கேலி செய்' என்னும் விளக்கத்தைக் கொண்டு இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது; அப்பட்டியலை நம்பிச் சிறுகதை உரையாடலை மொழிபெயர்ப்பவர்க்கும் இயலாது.