தேர் பார்க்கும் முகங்கள்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரன்று கமராவோடு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். தேர் வருகிற பக்கம். தேரை எடுத்த படங்களில் நல்ல படங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் நான் சேர்த்து வைத்து, திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிற நல்லூர்ப் படங்கள் ஒன்றிலும் தேர் இல்லை. தேரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற முகங்கள்தான் இருக்கின்றன. அவற்றை எடுத்தவர் அந்த நேரத்தில் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு வருடம் காத்திருந்த காட்சி பின்னால் அசைந்து வரும்போது திரும்பிப் பாராமல் நிற்பது லேசான காரியம் அல்ல.

நல்லூரில் கோயிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிக்கொண்டு போவதுபோல, கமராவையும் மூடி வைத்துக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். ஆகவே நல்லூர்ப் படம் என்றாலே வீதிப் படம்தான். யாழ்ப்பாணத்தில் வீதி என்ற சொல்லுக்குக் கோயிலைச் சுற்றியிருக்கிற வெளி என்ற பொருள்தான் முதலில் மனதில் வரும். உள்வீதி, வெளிவீதி, தெற்கு வீதி, மேற்கு வீதி. சாமி சுற்றுகிற இடம் வீதி. சனம் கூடுகிற இடமும் அதுவே. உலகத்தில் மற்றவர்கள் 'வீதி ஒளிப்படம்' என்று எதைச் சொன்னாலும் சொல்லட்டும், அந்தப் பெயர் எங்கள் ஊரில் பொருந்துகிறதுபோல வேறெங்கும் பொருந்துமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறும். பத்தாம் நாள் மஞ்சம், 23ஆம் நாள் சப்பறம், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் ஆவணி அமாவாசைத் தீர்த்தம். இந்த 25 நாளும் வெளிவீதி மணலாக இருக்கும். பிரதட்டை செய்கிற ஆண்களின் உடம்பும் அடியழிக்கிற பெண்களின் நெற்றியும் படுகிற மணல் அது. படம் பிடிக்கிறவருக்கு அந்த மணல் செய்கிற உபகாரம் பெரிது. ஓகஸ்ட் கடைசி வாரத்தில் யாழ்ப்பாணத்துக்கு நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி ஆளின் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். அப்படியான வெயிலில் எடுத்த முகங்களில் கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கருங்குழிகள்தான் விழும். நல்லூரில் அப்படி விழுவது குறைவு. மணலில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கீழிருந்து மெல்ல எழுந்து கண்ணிமைக்குள்ளும் நாடிக்குக் கீழும் புகுந்துவிடுகிறது. ஸ்ரூடியோவில் வெள்ளைத் துணி பிடித்துச் செய்கிற வேலையை இங்கே நிலமே செய்கிறது.

ஆனாலும் நல்ல நேரம் காலைதான். ஏழு மணியை ஒட்டித் தேர் நகரத் தொடங்கும். கோயில் கிழக்குப் பார்த்த கோயில். கிழக்கு வீதியில் நின்று கோயிலைப் பார்க்கிற சனத்துக்கு வெயில் முதுகில் விழும். அங்கே முகம் இருண்டு தலைமயிர் மட்டும் விளிம்பு கட்டி மின்னும். தேர் தெற்கு வீதிக்குத் திரும்பியதும் எல்லாம் மாறிவிடுகிறது. தேர் இப்போது மேற்கே போகிறது. அதற்கு முன்னால் காத்து நிற்கிறவர்கள் கிழக்கே பார்க்கிறார்கள். தேரும் சூரியனும் அவர்களுக்கு ஒரே திசையில். கூப்பிய கை, திருநீறு, மூக்குத்தி, கண்ணில் தளும்புகிற நீர் என்று எல்லாவற்றிலும் காலை வெயில் நேராக வந்து படுகிறது. தேருக்கு முதுகைக் காட்டி நிற்க ஏற்ற இடம் அது. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் இருபது வருடத்துக்கு மேலாக அந்தத் திருப்பத்தில் நின்று படம் எடுக்கிற நண்பர். அவருடைய படங்களில் வெயிலின் சாய்வைப் பார்த்தே எந்த வீதி, எத்தனை மணி என்று சொல்லிவிடலாம்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. உள்ளத்தில் நிகழ்வது உடம்பிற் படுவதுதான் மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம், ஆக முப்பத்திரண்டு. படம் எடுக்கப் பழகுகிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் வாசிக்கச் சொல்வேன். வியப்புக்கு அங்கே மருட்கை என்று பெயர். அது புதுமையால் வரும், பெருமையால் வரும், சிறுமையால் வரும், ஒன்று இன்னொன்றாக ஆவதாலும் வரும். இந்த நான்கையும் தெற்கு வீதியில் பத்து அடி தூரத்துக்குள் பார்க்கலாம். தகப்பன் தோளில் இருந்து முதன்முறையாகத் தேர் பார்க்கிற பிள்ளைக்குப் புதுமை. அண்ணாந்து முடியைப் பார்க்கிற வாலிபனுக்குப் பெருமை. அம்மம்மாக் குழலை ஊதி, அதன் முனையில் பலூன் சுருங்குவதையே பார்த்துக்கொண்டு தேரை மறந்து நிற்கிற சிறுமிக்குச் சிறுமை. நேற்றுவரை பக்கத்து வீட்டுப் பெடியனாக இருந்தவன் காவடியோடு ஆடி வரும்போது அவனை அடையாளம் தெரியாமல் விழிக்கிற அயலவருக்கு நான்காவது வியப்பு. நால்வரும் வாய் திறந்துதான் நிற்கிறார்கள். ஆனால் நான்கு வாயும் நான்கு விதம். அந்த வேறுபாட்டைப் பிடிக்கிற கண்தான் படக்காரனின் கண்.

நண்பர் எடுத்த படம் ஒன்றைச் சொல்லவேண்டும். அடியழிக்கிற ஒரு தாய். விழுந்து கும்பிட்டு, கை எட்டுகிற இடத்தில் மணலில் ஒரு குறி போட்டு, எழுந்து அந்தக் குறிக்கு நடந்து, திரும்ப விழுகிறார். வீதி முழுக்க இப்படியே. இவரைப்போல நூற்றுக்கணக்கான பெண்கள் தேருக்குப் பின்னால் வருவார்கள். எல்லாரும் எடுப்பது விழுந்து கிடக்கிற காட்சியைத்தான். நண்பர் எடுத்தது அவர் எழுந்து நிற்கிற அந்த ஒரு கணத்தை. பதினைந்து வயது மதிக்கத்தக்க மகள் பக்கத்தில் நிற்கிறாள். ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், தோளில் துவாய். மற்றக் கையால் தாயின் நெற்றியில் ஒட்டிய மணலைத் தட்டிவிடுகிறாள். தட்டுகிறாள் என்றுகூடச் சொல்லக்கூடாது. நான்கு விரலையும் சேர்த்து, திருநீறு அழியாமல், புருவத்துக்கு மேலால் மெல்ல வழிக்கிறாள். தாயின் கண் மூடியிருக்கிறது. மகளின் உதடு, சின்னப் பிள்ளைக்குச் சோறு தீத்துகிறவரின் உதடுபோலத் தன்னை அறியாமல் கொஞ்சம் குவிந்திருக்கிறது. அந்த வீதியில் அந்த நிமிடம் தாய் பிள்ளையாகவும் பிள்ளை தாயாகவும் இருந்தார்கள். என்ன நேர்த்தி, யாருக்காக நேர்த்தி என்று படம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. குவிந்த உதடு போதும்.

காவடிப் படங்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முதுகில் ஏறிய செடிலையும் இழுபடுகிற தோலையும் கிட்டப் போய் எடுத்து, அதுவே திருவிழா என்று உலகத்துக்குக் காட்டுகிறார்கள். பக்தனின் உடம்பு வேடிக்கைப் பொருளாகிவிடுகிறது. செடிற் காவடிக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்து வருகிற ஆளை யாரும் பார்ப்பதில்லை. ஆடுகிறவர் துள்ளினால் கயிற்றை விட்டுக்கொடுக்கவேண்டும், தளர்ந்தால் இழுத்துப் பிடிக்கவேண்டும். வலியின் அளவு அவர் கையில் இருக்கிறது. அவர் கண் ஒரு கணமும் அந்த முதுகை விட்டு விலகாது. தேரையும் பார்க்காமல், பறையையும் நாதஸ்வரத்தையும் கேட்டும் கேளாமலும், இன்னொருவரின் முதுகையே பார்த்துக்கொண்டு வீதி முழுக்க நடக்கிற அந்த முகம் அன்பின் முகம். அதை எடுங்கள்.

இப்போது தேரடியில் இன்னொரு காட்சி சேர்ந்திருக்கிறது. தலைக்கு மேல் தூக்கிய கைகளில் பாதிக்கு மேல் போன் இருக்கிறது. முதலில் எனக்கு இது வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் ஒரு அம்மாவைப் பார்த்தேன். வலது கையால் போனை உயர்த்திப் பிடித்திருக்கிறார்; திரையில் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற ஒரு பெண் தலையில் கை குவித்துக் கும்பிடுகிறார். இங்கே நிற்கிறவரின் இடது கை தனியே நெஞ்சில் இருக்கிறது. கும்பிட இரண்டு கை வேண்டும். ஒன்றை அவர் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஒற்றைக் கையைப் பார்த்த பிறகு போன்களைப் பற்றிக் குறைப்பட என்னால் முடியவில்லை. யாழ்ப்பாணத்தார் இன்று எப்படிச் சிதறிக் கிடக்கிறார்கள் என்பதற்கு அதைவிடத் துல்லியமான ஒரு படத்தை நான் பார்த்ததில்லை.

எல்லாரும் ஒன்றைப் பார்க்கிற இடத்தில் பார்க்கிறவர்களைப் பார்ப்பது என்ற இந்த வித்தைக்கு வல்வெட்டித்துறையும் நல்ல பள்ளிக்கூடம். தைப்பொங்கலன்று பின்னேரம் அங்கே கடற்கரையில் பட்டத் திருவிழா. வாடைக்காற்றில் கப்பலும் மிருகமும் விமானமுமாக வானத்தில் ஏறும். கீழே ஆயிரக்கணக்கான நாடிகள் ஒரே கோணத்தில் உயர்ந்திருக்கும். நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்தபடி எல்லா முகமும் வானத்தில். அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒருவர் மட்டும் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் எடுத்ததுதான். எடுக்கும்போது அவருக்குத் தலைச்சுற்றோ என்று நினைத்தேன். கிட்டப் போய்க் கேட்டேன்.

"இல்லைத் தம்பி, விண் கேக்கிறன்" என்றார்.

பட்டத்தின் தலையில் வில்போல வளைத்த தடியில் இழுத்துக் கட்டுகிற மெல்லிய நாடாதான் விண். காற்றுப் பட்டால் அது கூவும். இத்தனை பட்டங்களின் கூவலுக்குள் தன்னுடைய விண் எது என்று அவருக்குத் தெரியும். கயிறு பொருத்துகிற முச்சை சரியாக விழுந்ததா, பட்டம் நிமிர்ந்து நிற்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்காமல் காதால் அறிகிறார். தொல்காப்பியம் பெருமிதத்துக்குச் சொல்கிற நான்கு காரணங்களில் முதலாவது கல்வி. கண்மூடிய அந்த முகத்தில் இருந்தது கைவேலை கற்றவனின் பெருமிதம். ஒலியைப் படம் எடுக்கமுடியாது என்பார்கள். கேட்கிற முகத்தை எடுக்கலாம்.

வீதி ஒளிப்படக் கலையின் பெரிய பெயர்களில் ஒருவரான பிரெஞ்சுக்காரர் ஆன்றி கார்த்தியே-பிறெசோன் தமிழ் நிலத்துக்கும் வந்திருக்கிறார். 1950 ஏப்ரல் 14ஆம் திகதி இரவு இரமண மகரிஷி சமாதியடைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். மகரிஷியின் இறுதி நாட்களைப் படம் எடுத்தவர்களில் அவரும் ஒருவர். இரண்டு வருடம் கழித்து, 1952இல் வந்த அவருடைய புத்தகம், தக்க கணம் என்ற கருத்தை உலகமெங்கும் பரப்பியது. அறிவும் கண்ணும் இதயமும் ஒரே கோட்டில் வருகிற கணம் அது. அவர் எடுத்தது பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில். இந்தியாவை நிறமில்லாமல் காட்ட முடியாது என்று வாதாடியவர் இந்தியப் படக்காரர் ரகுபீர் சிங். நல்லூரைப் பொறுத்தவரை நான் ரகுபீர் சிங்கின் பக்கம். மணலின் வெளுப்பில் ஒரு காஞ்சிபுரத்துச் சிவப்பும் சந்தனத்தின் மஞ்சளும் பச்சை சாத்திய சண்முகரின் நினைவோடு வருகிற பச்சையும் இல்லாவிட்டால், அந்த மகிழ்ச்சியில் பாதி போய்விடும். ஆனால் கீரிமலையில் ஆடி அமாவாசையன்று தகப்பனுக்காகக் கடலில் முழுகி எழுகிற ஆண்களை எடுக்கிறவர் நிறத்தை விட்டுவிடலாம். ஈர முகத்துக்கும் சாம்பல் நிறக் கடலுக்கும் கறுப்பு வெள்ளையே போதுமானது.

படம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்னொரு கனமும் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போருக்கு அஞ்சி வலிகாமமே எழுந்து நடந்தபோது விட்டுப்போனவற்றில் அல்பங்களும் இருந்தன. திரும்பி வந்தபோது பல வீடுகளில் சுவரே இல்லை. கலியாணப் படம் இல்லாத தம்பதிகள், செத்துப்போன தகப்பனின் முகத்தை வாய்ச்சொல்லால் மட்டும் அறிந்த பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது அந்தத் தாய்மார் கையில் பிடித்திருந்ததும் படம்தான். அடையாள அட்டைக்காக எடுத்த சின்னப் படத்தைப் பெருப்பித்து, பிளாஸ்ரிக் உறை போட்டது. ஸ்ரூடியோவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்த, ஒரு மெய்ப்பாடும் இல்லாத முகம். அந்தப் பிள்ளை திருவிழாவில் சிரித்த சிரிப்பு யாரிடமும் இல்லை.

ஆகவே கமராவோடு வீதிக்கு வருகிற தம்பி தங்கைமாரிடம் ஒன்று கேட்கிறேன். எடுக்க முதல் கண்ணால் ஒருமுறை கேளுங்கள். நேரம் இருந்தால் வாயாலும் கேளுங்கள். அன்றைக்கு அடியழித்த அந்தத் தாயிடமும் மகளிடமும் என் நண்பர் படத்தைக் காட்டினார். தாய் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தன்னைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார்.

"வடிவா எடுத்திருக்கிறியள் தம்பி. எங்களிட்ட ஒரு படமும் இல்லை. ஒண்டு கழுவித் தருவியளோ?"

தீர்த்தத்துக்கு அடுத்த நாளே நண்பர் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். நீங்களும் எடுத்த படத்தில் ஒரு பிரதி அச்சிட்டு, அதில் இருக்கிறவரின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.