பலகை மாறினால் போதுமா?

வகுப்பறைக்குள் புதிய தொழில்நுட்பம் வரவேண்டுமென்று குரல் கொடுப்போருள் ஆசிரியர் பலர் முன்னிற்கின்றனர். இதையே வணிகர் சொன்னால் ஐயுறுவோம். ஆசிரியர் சொன்னால் நம்பிவிடுகிறோம். எனவே அவர்தம் வாதத்தைச் சற்றே ஆராய்வது நம் கடமையாகிறது.

இவ்வாதத்திற்குச் சான்றாக 2017-இல் பெரிதும் பேசப்பட்டது விழுப்புரம் மாவட்டத்துக் கந்தாடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. அங்குப் பணியாற்றிய ஆசிரியை அன்னபூர்ணா மோகன் தம் நகைகளைப் பணமாக்கி, மாணவருக்குத் திறன்பலகையும் இருக்கைகளும் ஆங்கில நூல்களும் வாங்கித் தந்தார். ஊர் வியந்தது, நாமும் வியந்தோம். ஆனால் அப்பலகை வருமுன்னரே அவர் பிள்ளைகளோடு நாள்தோறும் ஆங்கிலத்தில் உரையாடி, எழுத்தொலிகளைப் பழக்கி, அவர்தம் நாவின் கூச்சத்தைப் போக்கியிருந்தார். செய்தி பரவியபோதோ பலகை முன்னே வந்தது. உரையாடல் பின்னே போயிற்று.

இவ்வகைப் பேச்சில் நாம் காணும் குறை இதுவே: வாக்கியத்தின் எழுவாய் மாறிவிடுகிறது. ஆசிரியர் கற்பித்தார் என்பது கருவி கற்பித்தது என்றாகிறது. தம் உழைப்பின் பயனை ஆசிரியரே கருவியின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

கருவியின் பயனை நாம் மறுக்கவில்லை. இதயம் துடிக்கும் விதத்தைக் கரும்பலகைப் படத்தைவிட அசையும் படம் தெளிவாகக் காட்டும். பார்வையற்ற பிள்ளைக்கு ஒலிநூல் பெருந்துணை. ஆயினும் கருவி யாரை எட்டும் என்ற வினா எஞ்சுகிறது.

தமிழகத்தில் 2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிற்று. 2018-இல் புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்றன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இவையெல்லாம் சோதனைக்குள்ளாயின. குறியீடு எல்லாப் பிள்ளைகளின் நூலிலும் இருந்தது. அதைத் திறக்கும் அலைபேசி எல்லா வீட்டிலும் இல்லை. தொலைக்காட்சி பல வீடுகளை எட்டியது உண்மை. எனினும் பாடம் புரியாத பிள்ளையின் முகவாட்டத்தை அது கண்டு நிற்கவில்லை.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தை எண்ணிப் பார்ப்போம். பீடி சுற்றி வாழும் தாய்க்கு அலைபேசி என்பது பல நாள் கூலி. பாபநாசத்தில் தாமிரபரணி நீரிலிருந்து 1944 முதல் மின்சாரம் பிறக்கிறது. அதே மலையில் காரையாற்றைச் சூழ்ந்த காட்டிடையே காணி மக்கள் வாழ்கின்றனர். மின்சாரம் பிறக்கும் இடத்தருகே வாழ்வதால் மட்டும் ஒரு வீட்டில் விளக்கு எரிந்துவிடாது. கம்பி இழுத்தாக வேண்டும். தொழில்நுட்பமும் அவ்வாறே.

கல்வியில் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனைகளின்படி இயங்கும் கருவி என்று யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை வினவிற்று. செயற்கை நுண்ணறிவு குறித்து 2025 சனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ‘பழையதும் புதியதும்’ என்னும் பொருள்படும் ஏடும், மாணவர்முன் ஆசிரியர் நேரில் நிற்பதால் விளையும் உறவைக் கருவி ஈடுசெய்யாது என்கிறது.

ஆகவே, கருவிக்காகக் குரல் கொடுக்கும் ஆசிரியப் பெருமக்களை மௌனமாகுமாறு நாம் வேண்டவில்லை. அவர்தம் குரல் வலிமையுள்ளது. அதனால்தான் அது முழுமையாகவும் ஒலிக்க வேண்டும். திறன்பலகை கேட்கும் மனுவிலேயே, வகுப்புக்கோர் ஆசிரியரும் கேட்கட்டும். அக்கருவி எட்டாத பிள்ளை எந்தத் தெருவில், எந்த மலையில் இருக்கிறது என்பதையும் எழுதட்டும். அதை அறிந்து எழுத ஆசிரியரைவிடத் தகுதியுடையார் யார்?