இசைவும் உரிமையும்: இரு அமெரிக்கத் திரைப்படங்களில் இனங்கடந்த திருமணம்

வெவ்வேறு இனத்தவர் மணந்துகொள்வதைத் தடைசெய்த சட்டங்கள் செல்லா என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967 ஜூன் 12 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போது 16 மாநிலங்களில் அத்தகைய சட்டங்கள் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டான்லி கிராமர் இயக்கிய ‘கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்’ வெளிவந்தது. நிறவேறுபாடு பொருளற்றுப்போகும் ஒரு சமுதாயத்தை அப்படம் கனவு காண்கிறது. அக்கனவு யாருடைய இசைவைச் சார்ந்து நிற்கிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

சிட்னி போய்ட்டியர் ஏற்ற ஜான் பிரென்டிஸ் புகழ்பெற்ற மருத்துவர். குறை காண இயலாதவர். அவரை மறுப்பதற்கு நிறம் தவிர வேறு காரணம் எஞ்சக்கூடாது என்பதற்காகவே அப்பாத்திரம் அவ்வாறு படைக்கப்பட்டது. வாதம் கூர்மையானதே, அதற்குரிய விலையும் பெரிது. காதலியின் பெற்றோர் முழுமனத்துடன் இசையாவிடில் மணம் இல்லை என்று, அவள் அறியாமலே, பிரென்டிஸ் அவர்களிடம் உறுதி கூறுகிறார். ஓய்வுபெற்ற அஞ்சல்காரரான தம் தந்தையின் மறுப்புக்கு அவர் அத்தகைய மதிப்பு அளிப்பதில்லை. இறுதியில் ஸ்பென்சர் டிரேசி ஏற்ற பெண்ணின் தந்தை நீண்ட உரையாற்றி இசைவு தருகிறார், ஏனையோர் கேட்டிருக்கின்றனர். உரை முடிந்ததும் கறுப்பினப் பணிப்பெண் டில்லியிடம் உணவு எப்போது கிடைக்கும் என்று வினவுகிறார். இரு குடும்பங்களும் ஒரே மேசைக்கு வருகின்றன. பரிமாறும் கை மாறவில்லை.

ஜெஃப் நிக்கல்ஸின் ‘லவிங்’ (2016) மேற்கண்ட தீர்ப்புக்குக் காரணமான தம்பதியரின் கதை. வெள்ளையரான ரிச்சர்ட் கொத்தனார். மில்ட்ரெட் கறுப்பினப் பெண். 1958இல் வாஷிங்டனில் மணந்து விர்ஜீனியா திரும்பிய இருவரும் நள்ளிரவில் படுக்கையறையில் கைதாகின்றனர். மாநிலத்தை விட்டு வெளியேறி 25 ஆண்டுகள் சேர்ந்து திரும்பாதிருந்தால் ஓராண்டுச் சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்பது தீர்ப்பு. இப்படத்தில் பேருரை இல்லை. வழக்காடுமன்றத்தைவிடச் சமையலறையிலும் செங்கல் அடுக்கும் களத்திலுமே படக்கருவி மிகுதியாகத் தங்குகிறது. மணவுரிமைக்குக் கல்வியோ புகழோ தகுதிச்சான்று ஆவதில்லை என்பதை அந்த எளிமையே நிறுவுகிறது.

கிராமர் படத்தில், தங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் குடியரசுத் தலைவராவர் என்பது காதலியின் நம்பிக்கை என்று பிரென்டிஸ் வேடிக்கையாகக் கூறுகிறார். கென்யத் தந்தைக்கும் வெள்ளையினத் தாய்க்கும் பிறந்த பராக் ஒபாமா 2008இல் வென்றபோது, இனவேறுபாடு முடிந்துவிட்டது என்ற பேச்சு எழுந்தது. அதுவும் அரிய ஒருவரின் உயர்வைக் கொண்டு அனைவர் நிலையையும் அளந்த நம்பிக்கையே. 1967ஆம் ஆண்டுச் சூழலில் கிராமரின் துணிவு குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆயினும் பிரென்டிஸுக்குக் கிடைத்த இசைவு, சாதாரண ஒரு கறுப்பினத் தொழிலாளிக்கும் கிடைத்திருக்குமா என்ற வினாவை அவர் படம் எழுப்பவில்லை. அவ்வினாவுக்கே இடமில்லாத வாழ்வைத்தான் ‘லவிங்’ கோருகிறது.