பேரரசின் விளிம்பும் நடுவும்: இரு கணினி விளையாட்டுகள்

பெதெஸ்டா நிறுவனம் 2002 இல் வெளியிட்ட 'மொறோவின்ட்', அதன் தொடர்ச்சியாக 2006 இல் வெளிவந்த 'ஒப்லிவியன்' ஆகிய கற்பனையுலக விளையாட்டுகளை ஒப்புநோக்குவோர் பெரும்பாலும் காட்சியமைப்பின் வளர்ச்சியையே அளவுகோலாகக் கொள்வர். உருவத்தின் வளர்ச்சி உள்ளடக்கத்தின் வளர்ச்சியாகுமா என்பதே நாம் எழுப்பும் வினா.

'மொறோவின்ட்' பேரரசொன்றின் விளிம்பில் நிகழ்வது. அங்கு அடிமைமுறை சட்டபூர்வமானது. ஆளும் குலங்களும் மதபீடமும் அந்நிய ஆட்சியும் தம்முள் முரண்பட்டு நிற்கின்றன. ஆடுபவர் பிறர் கூறும் வழிக்குறிப்புகளைக் கேட்டு, நிலத்தை உற்றுநோக்கி, வழிதவறித் திரும்பியே சேருமிடத்தை அடைகிறார். இங்கு அறிவு உழைப்பின் விளைவு.

'ஒப்லிவியன்' பேரரசின் நடுவே நிகழ்வது. கொலையுண்ட பேரரசனின் வாரிசைக் கண்டறிவதே தலையாய பணி. முடியுரிமையின் நியாயம் வினாவுக்குள்ளாவதில்லை. திசைகாட்டியின் குறியே வழிநடத்துகின்றது. மாந்தர் வேளைக்கு உண்டு, உறங்கி, தொழிலுக்குச் செல்வது முன்னையதில் காணப்படாத சிறப்பென்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அவர்தம் நாளாந்த வாழ்வு துலங்கும் அளவுக்கு அவர்களைப் பிணிக்கும் சமூக உறவுகள் துலங்கவில்லை.

இரண்டும் சந்தைக்கென ஆக்கப்பட்ட பண்டங்களே. ஆயினும் 'மொறோவின்டுக்கு' இலவசமாக வழங்கப்பட்ட சிற்றிணைப்புகள் 'ஒப்லிவியனில்' விலைபெற்றன. 2006 ஏப்ரலில் குதிரைக் கவசமொன்று எக்ஸ்பொக்ஸ் 360 கருவியில் 2.50 டொலருக்கு விற்கப்பட்டது. முன்னையது அடிமைச் சந்தையைத் தன் உலகினுள் காட்டி எம்மைச் சிந்திக்கத் தூண்டியது; பின்னையது தன் உலகையே துண்டுதுண்டாகச் சந்தைக்கு அனுப்பத் தொடங்கியது. தொழில்நுட்ப முன்னேற்றத்தைக் கலை முன்னேற்றமாகக் கொள்வோர் காணத் தவறுவது இம்மாற்றத்தையே.